பின்வாசலில் வைத்த சாப்பாடு

முதல் இருமல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தோம். இரண்டாவது சரணத்தில் எனக்கு மூச்சு பாதியில் நின்றது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, டீ பொங்குகிறதா என்று பார்க்கப் போகிறவள் மாதிரி அடுப்படிக்குள் போய் இருமித் தீர்த்துவிட்டு வந்தேன்.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. காஞ்சிபுரத்தில் ரவிக்கை தைப்பது தொழில். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். தனியாள் குடியிருக்கும் வீட்டில் இருபத்துநான்கு டம்ளர், பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தேன் என்றால் என்னைப் பற்றி உங்களுக்கு ஓரளவு புரிந்திருக்கும்.

எங்கள் சபையில் 'கிரேஸ் அக்கா வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் வர முடியாது' என்பார்கள். உண்மைதான், நான் விடமாட்டேன். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண்களுக்கு வடை, வெளியூரிலிருந்து வரும் ஊழியக்காரருக்குக் கோழிக்குழம்பு, யாருக்காவது பிள்ளை பிறந்தால் பத்து நாளைக்குப் பத்தியச் சாப்பாடு. மற்றவர்கள் முழங்காலில் நின்று மணிக்கணக்கில் ஜெபிப்பார்கள். எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் முழங்கால் தாங்காது. அதனால் நான் வடை சுட்டேன். என் பக்தி அவ்வளவுதான், ஆண்டவருக்கு அது புரியும் என்று ஒரு தைரியம் இருந்தது.

இருமல் போகவில்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். விடியும்போது தலையணை ஈரமாக இருக்கும். ரவிக்கை தோளில் தொளதொளவென்று ஆனது. அதைக் கழற்றி இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் மறுபடி தொளதொளத்தது. மறுபடி பிடித்தேன். மூன்றாவது தடவையும் பிடித்தேன். ஒரு தையல்காரி மட்டும்தான் இந்த முட்டாள்தனத்தைச் செய்ய முடியும். ஊரார் உடம்பையெல்லாம் அங்குலக் கணக்கில் அளந்தவள், என் உடம்பு கரைவதைத் தையலில் சரிசெய்துகொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. டாக்டரிடம் போனால் ஒரு பேர் சொல்வார், அந்தப் பேர் வெளியே தெரிந்தால் என் வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்று பயந்தேன். உயிரைப் பற்றி அவ்வளவு பயம் இல்லை. வீடு காலியாகிவிடுமே என்ற பயம்தான். அதற்காகவே இரண்டு மாதம் ஓமத்தை மென்றுகொண்டிருந்தேன்.

கைக்குட்டையில் ரத்தம் பட்டபிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளிப் பரிசோதனைக்கு (காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுக்கும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். நடைபாதை பெஞ்சில் வரிசையாக முகக்கவசம் போட்டவர்கள் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவரின் முகம்கூட எனக்குத் தெரியாது.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"காசநோய்தான்மா. வலது பக்கம் மேல பாருங்க, வெள்ளையா இருக்குது. பயப்படாதீங்க. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்."

"டம்ளர், தட்டு எல்லாம் தனியா வச்சுக்கணுமாம்மா?"

"டம்ளர்ல பரவாதும்மா. இருமுற காத்துல பரவும். ஜன்னல மூடின ரூம்ல நிறைய பேர் சேர்ந்து ரொம்ப நேரம் உக்காந்தா பரவும். உங்க வீட்ல எத்தன பேர்?"

"நான் மட்டும்தான்."

"அடிக்கடி வந்து போறவங்க?"

"யாரும் இல்ல."

வாய் கூசாமல் சொன்னேன். ஜன்னலை மூடின ரூம் என்று அவர் சொன்னதுமே எங்கள் வெள்ளிக்கிழமைகள்தான் நினைவுக்கு வந்தன. எங்கள் பக்கத்து வீடு தறிக்காரர் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் பொழுதுக்கும் தறி ஓடும். அந்தச் சத்தம் ஜெபத்தைக் கலைக்கிறது என்று வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் பாடுவோம். இரண்டு மாதமாக நான் அதற்குள்தான் இருமிக்கொண்டிருந்தேன்.

உடனே பேர்களைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூட்டத்தில் எனக்கு நெருக்கமானவள் லில்லி. முதல் ஆளாக வருவாள், கடைசி ஆளாகப் போவாள். அவளுக்கு போன் செய்து, "மகள் வீட்டுக்குப் போறேன், வர ரெண்டு மாசம் ஆகும்" என்றேன். பிறகு வாசல் கதவுக்கு வெளியே பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றிவந்து பின்வாசலில் நுழைந்துகொண்டேன். மகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வரட்டுமா என்று அழுதாள். கைக்குழந்தைக்காரி, வராதே என்று சொல்லிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தகவல் எட்டாத நாலைந்து பேர் வந்திருந்தார்கள். லில்லி வந்து அவர்களைத் திருப்பி அழைத்துப் போனாள். "இனிமே ரெண்டு மாசத்துக்கு வடைக்கு எங்க போறது?" என்று யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள். துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு கதவுக்கு உட்பக்கம் நின்றிருந்தேன். பத்து நிமிடத்தில் தெரு காலியானது. அவ்வளவு தனியாக நான் கணவர் இறந்த அன்றுகூட இருந்ததில்லை.

மறுநாள் காலையில் பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு வள்ளி. தறி நெய்கிறவரின் மனைவி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். கையில் ஒரு தூக்கு.

"ஊருக்குப் போனவங்க எப்படி இருமிக்கினு இருக்காங்கன்னு வீட்டுக்காரர் கேக்கறாரு" என்றாள். தறிக்கும் என் படுக்கைக்கும் நடுவே ஒரு சுவர்தானே.

எட்டி நிற்கச் சொல்லிவிட்டு நோயின் பேரைச் சொன்னேன். வள்ளி இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"பயமாத்தான் இருக்குதுக்கா. பசங்க இருக்குதுங்க. உள்ள வர மாட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க. சாப்பாடு இந்தப் படியில வச்சுட்டுப் போறேன். எடுத்துக்குங்க."

"வேணாம்மா, நானே செஞ்சுக்குவேன்."

"செஞ்சுக்குங்க. இதையும் வச்சுக்குங்க."

நான் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள முடியவில்லை. வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை, ஒரே மூச்சில். அரை மணியில் குமட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது (மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம், என்னிடம் முன்கூட்டியே சொன்னார்கள், இருந்தும் பயந்தேன்). அடுப்புக்கு முன் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அப்போது என் எடை முப்பத்தெட்டு கிலோ. வள்ளியின் ரசம் சாதத்தையும் பருப்புத் துவையலையும் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. இன்னொருத்தி சமைத்ததை ஓசியில் சாப்பிடுகிறோமே என்று ஒவ்வொரு கவளத்துக்கும் எரிச்சல் வந்தது. வள்ளி மேல்தான் வந்தது, சொல்வதற்கென்ன.

அடுத்த வாரம் சுகாதாரப் பணியாளர் பெண் ஒருத்தி பின்வாசல் வழியாக வீட்டைப் பார்க்க வந்தாள். நடுக்கூடத்தில் அடுக்கியிருந்த நாற்காலிகளைக் கையால் தொட்டு எண்ணினாள்.

"ஒரு ஆளுக்குப் பதினஞ்சு சேராம்மா?"

நான் அடுக்கைச் சுவரோரமாகத் தள்ளினேன்.

"நீங்க மறைச்சா அவங்களுக்குத்தான் ஆபத்து. உங்களுக்கு வேண்டியவங்கதானே எல்லாரும்?"

என் தலை தானாகக் குனிந்தது. ரவிக்கை அளவு எழுதும் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். பத்தொன்பது பேர். யார் யாருக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், யாருக்கு வடை கருகலாக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதே வரிசையில் பேர் வந்தது. விருந்தாளிகளின் பட்டியல் ஒன்று என் வாழ்க்கையில் எழுதியிருக்கிறேன் என்றால் அது இதுதான்.

எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். யாருக்கும் நோய் இல்லை. லில்லி கூடவே அழைத்துவரும் அவளுடைய ஐந்து வயதுப் பேத்திக்கு மட்டும் முன்தடுப்பு மாத்திரை (நோய் வராமல் காப்பதற்குக் கொடுப்பது) எழுதினார்கள். அன்று லில்லி போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எங்களுக்கு வயிறார சாப்பாடு போட்ட நீ, இத ஒரு வார்த்த சொல்லலியே கிரேஸு. குழந்த வாயில தினம் மாத்திரைய திணிக்கிறேன், உன் ஞாபகம்தான் வருது."

நியாயம் அவள் பக்கம்தான். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், என்னைப் போல ஓமத்தை மெல்லாமல் இன்றைக்கே போய்ப் பாருங்கள். பேர்களைக் கேட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றுகிற வேகம் அடங்கிவிடும் என்கிறார்கள். நீங்கள் சொல்லும் பொய்க்கு மட்டும் மருந்து கிடையாது.

விநாயகர் சதுர்த்தி வந்தது. வள்ளி தூக்கோடு ஒரு கிண்ணம் பூரணக் கொழுக்கட்டையும் படியில் வைத்துவிட்டுப் போனாள். இது வருடா வருடம் வருவது. நான் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்குப் பிரியாணியும் அதிரசமும் கொடுத்தனுப்புவேன், அவள் பொங்கலுக்கும் சதுர்த்திக்கும் ஆயுத பூஜைக்கும் பலகாரம் கொடுப்பாள். நான் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன். அவள் தலை மறைந்ததும் பின்பக்கம் வரும் மாட்டுக்குப் போட்டுவிடுவேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அந்த வருடமும் அதைத்தான் செய்தேன். இருபது நாளாக என்னை உயிரோடு வைத்திருந்தது அந்தக் கைச்சோறு. பசியும் இருந்தது. இருந்தும் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டுக்கு வைத்தேன். மனதில் ஒரு உறுத்தலும் இல்லை. பரிசுத்தமாக இருந்த மாதிரிகூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. வாசல் பூட்டைத் திறந்தேன். மூட்டுவலி இருந்தது, நாக்கில் ருசி திரும்பியிருந்தது. ரவிக்கைகளின் தையலை ஒரு வரி பிரித்து விட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேறொரு வீட்டுக்கு மாறிவிட்டிருந்தது. அது இருக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் என் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன்.

வந்தார்கள். போதகரும் அவர் மனைவியும்கூட வந்தார்கள். ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தேன். கேக் அறுத்தேன், இஞ்சி டீ போட்டேன், தட்டைத் தூக்கிக்கொண்டு பழையபடி சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இப்பதான் குடிச்சுட்டு வரேன்" என்று லில்லி டம்ளர் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

இன்னொருத்திக்குத் திடீரென்று சர்க்கரை. இன்னொருத்திக்குப் பல்வலி. போதகரின் மனைவி கேக்கை அழகாகத் தாளில் மடித்து, "வீட்ல போய் சாப்பிடறேன்கா" என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். டம்ளரில் பரவாது, டாக்டரே சொன்னார் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெபித்தார்கள், என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள், போனார்கள். போதகர் மட்டும் இரண்டு வாய் குடித்திருந்தார்.

பதினோரு டம்ளர் டீ ஆறி ஆடை படிந்து நின்றது. அவற்றைத் தொட்டியில் கொட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, தலை மறைந்ததும் போட்டுவிடுவது. போதகரின் மனைவி அந்தக் கேக்கை என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் எனக்குப் பல வருட அனுபவம். பாத்திரம் கழுவாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பொங்கலன்று வள்ளி வந்தாள். இப்போது பயம் போய்விட்டது, அடுப்படி வரைக்கும் வருவாள். கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினவளைக் கூப்பிட்டேன்.

"வள்ளி, பண்டிகைக்கு நீ குடுக்கறத நான் ஒரு தடவகூட சாப்பிட்டதில்ல. மாட்டுக்குப் போட்டுடுவேன். சதுர்த்திக்குக் குடுத்தியே, அதையும்தான்."

"தெரியும்க்கா" என்றாள்.

கிண்ணத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"சின்னவன் பொறந்த வருஷம் கொல்லையில துணி காயப்போட்டுக்கினு இருந்தேன். நீங்க மாட்டுக்கு ஒண்ணொண்ணா வச்சுக்கினு இருந்தீங்க. எனக்குக் கோவம்னா கோவம். ஒரு மாசம் உங்ககூடப் பேசல. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

நான் கவனிக்கவில்லை. அப்படி ஒரு மாதம் இருந்ததே எனக்கு நினைவில் இல்லை.

"அப்புறம் வீட்டுக்காரர்தான் சொன்னாரு, அவங்க படைச்சதத் தொட மாட்டாங்கன்னு. சரின்னு அதுக்கடுத்த வருஷத்துலேந்து உங்களுக்குன்னு தனியா மாவு கெளறி, தனியா வேகவச்சு எடுத்துடுவேன். படையல்ல சேக்கறதில்ல. மாமியார் இருந்தவரைக்கும் அதுக்குத் தினுசு தினுசா திட்டு வாங்கினேன்."

"அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"எப்படிக்கா சொல்றது? சொன்னா, நீங்க மாட்டுக்குப் போட்டத நான் பாத்தேன்னு தெரிஞ்சுடும். உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்ல."

அந்தச் சின்னவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பதில் எங்கள் சபையில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. நான் அதைப் பற்றி எழுதவில்லை. மறுப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது, அதைப் பற்றி எழுதுகிறேன். எல்லோரும் என் கையில் வாங்க வேண்டும், நான் யார் கையிலும் வாங்கக்கூடாது. லில்லி வீட்டில்கூட நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிடுவேன். இதற்குத்தான் விருந்தோம்பல் என்று பேர் வைத்து ஆண்டவரிடம் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வீடு நிறைய ஆள் இருந்தும் நோய் வந்தபோது கூப்பிட ஒருவரும் இல்லாமல் போனது ஏன் என்று அன்று கொஞ்சம் புரிந்தது.

வள்ளி கிளம்பும்போது கேட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அதற்குமுன் யாரிடமும் வந்ததில்லை.

"ஒரு நாள் உங்க வீட்ல எனக்குச் சாப்பாடு போடுவியா?"

பிப்ரவரியில் மாத்திரை முடிந்தது. கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. நுரையீரலில் ஒரு வடு இருக்கும், அது போகாது என்றார் டாக்டர். மாடிப்படி ஏறும்போது அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. ஆறு மாதமாக நாளை மாத்திரைப் பட்டையைப் பார்த்துத்தான் எண்ணினேன். பட்டை தீர்ந்த மறுநாள் என்ன கிழமை என்றே பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரு வழியே லில்லியும் மற்றவர்களும் கூட்டம் மாறிப்போன அந்த வீட்டுக்குப் போவார்கள். சில வாரம் நானும் போகிறேன். பேசுகிறார்கள். என் வீட்டில் இன்னும் யாரும் எதுவும் குடிப்பதில்லை. அது மாறுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வள்ளி வீட்டுக்குப் போனேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பக்கத்து வீடு, வாசல் தாண்டி உள்ளே போனது அன்றுதான். தறியை நிறுத்திவிட்டு அவள் கணவர் எழுந்து கும்பிட்டார். தட்டைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். சாம்பார் வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, கரண்டியை வாங்கக் கை தானாகப் போனது.

"உக்காருங்கக்கா" என்று வள்ளி அதட்டினாள்.

நான் எப்போதும் எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் அடுப்படியில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறவள். அன்று அரை மணி நேரம் ஆனது. நான் சாப்பிடுவதை ஒருத்தி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் அசைவதும், தொண்டைக்குள் சோறு இறங்குவதும், வயிறு நிறைவதும் எனக்கே புதிதாக இருந்தன. போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.

சொன்னதும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வள்ளி அதைப் பார்க்காதவள் மாதிரி, ரசம் எடுத்துவர எழுந்து உள்ளே போனாள்.